ஜெயபிரியா டீச்சரின் மூன்றாம் அட்டவணை

என் வாயைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் மேல் எனக்கு முப்பத்தெட்டு வருஷக் கோபம். அதை இன்னும் இறக்கி வைத்தபாடில்லை.

அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் நாலு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பல்லில் காவி ஏறின பிள்ளைகளை மட்டும் பிரித்து வெளியே வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒருத்தர் ஐஸ் குச்சி மாதிரி ஒன்றால் என் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தார். இன்னொருத்தர் படம் எடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. "இது எதனாலன்னு கண்டுபிடிச்சு வந்து சொல்றோம்" என்றார்கள். வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் படம் பெரிதாகி ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கியது. மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே, வெறும் வாய் மட்டும். சின்ன வயதில் ஆடு முட்டி என் மேலுதடு கிழிந்த தழும்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. நல்ல தண்ணீர் ஊர் ஒன்றுக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா பலகாரத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். "ஆஸ்பத்திரி போர்டுல இருக்கறது நீங்கதானுங்களா?" என்றார். தட்டில் கை வைக்காமல் எழுந்து வந்தேன். அடுத்து ஓர் இடம் பார்த்தார்கள். அதுவும் தட்டிப்போனது. அதற்கு மேல் நான் எங்கேயும் போகவில்லை. அன்றிலிருந்து யாரோடு பேசினாலும் துண்டு என் வாய்மேல்தான் இருக்கும்.

எங்கள் ஊர் புங்கமேடு. பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர். விடியற்காலை மோட்டார் போடுவது, தெருத்தெருவாக வால்வு திறப்பது, குழாய் உடைந்தால் பள்ளம் தோண்டுவது என் வேலை. தண்ணீர் வந்தால் என்னை யாருக்கும் தெரியாது. வராவிட்டால் ஊருக்கே தெரியும்.

ஜெயபிரியா டீச்சர் என் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் இருந்தார். அவருடைய அம்மா பிறந்த ஊர் இது. கடைசிக் காலத்தில் இங்கேதான் இருப்பேன் என்று அந்தம்மா பிடிவாதம் பிடித்ததால் மகளும் வந்தார். மூன்றாம் வருஷம் அந்தம்மா போய்ச் சேர்ந்தார். மகள் மட்டும் தங்கிவிட்டார். தினமும் பஸ் ஏறிப் போய்க் காலேஜில் வேதியியல் நடத்துவார். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். ஒவ்வொரு வருஷமும் ஆர்டர் வந்தால்தான் அந்த வேலை. நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, என்னை அவரும் கேட்டதில்லை. ஒசூரில் ஒரு தம்பி. பொங்கலுக்குப் போன் செய்வான்.

மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. ஒன்றில் டீச்சர் உட்காருவார். இன்னொன்றில் காகிதம் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் காகிதத்தோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருப்பார். முதலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒருமுறை இரண்டு டம்ளர் காப்பி கொண்டுபோனேன். ஆள் இல்லை. இரண்டு டம்ளரையும் அவரே குடித்தார்.

பல்லைக் காவியாக்கி முட்டியை முடக்குகிற நம் ஜில்லாவின் புளோரைடு தண்ணீரைப் பற்றித்தான் நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு ரிவ்யூ பேப்பர் என்று பெயராம். புதிதாக எதையும் சோதிக்க மாட்டார்கள். இதுவரை மற்றவர்கள் சோதித்து எழுதின எல்லாவற்றையும் படித்து, எது நிற்கும், எது நிற்காது என்று சொல்வார்கள். எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. பெயர் சொல்லாத இரண்டு பேர் படித்துவிட்டு நாற்பத்தாறு குறை எழுதியிருந்தார்கள். முப்பது நாளில் எல்லாவற்றையும் சரிசெய்து, அறுபத்திரண்டு பக்கத்தை முப்பதாகக் குறைத்து அனுப்ப வேண்டும்.

அந்த வருஷம் நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். வயது வரம்புப்படி டீச்சருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இந்தக் கட்டுரை ஏற்கப்பட்டதாக ஒரு கடிதம் கையில் இருந்தால் இடம் ஏறக்குறைய நிச்சயம். இல்லையென்றால் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் மாடிக் கொடியில் துணி காய வேண்டிய இடத்தில் பக்கம் பக்கமாகக் காகிதம் கிளிப் போட்டுத் தொங்கியது. வேண்டாததைக் கழற்றிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"மாதண்ணா, ஒரு அரை மணி நேரம் ஒக்காருங்க. நான் எழுதினத தமிழ்ல சொல்றேன். புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க."

"நான் ஆறாவது, டீச்சர்."

"அதான் வேணும். படிச்சவங்க புரியாட்டியும் தலையாட்டிடுவாங்க. நீங்க ஆட்ட மாட்டீங்க. எனக்கே புரியாம எழுதின எடமெல்லாம் அப்பத்தான் பல்லிளிக்கும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

அப்புறம் தினமும் ஆறு மணிக்கு இதுவே வேலையானது. அவர் சொல்லுவார், நான் முகத்தைச் சுளிப்பேன், அவர் பேனாவால் ஒரு வரியை அடிப்பார். "பல ஆய்வுகள் கூறுகின்றன" என்று ஓரிடத்தில் வந்தது. "பலன்னா எத்தினி?" என்றேன். எண்ணிப் பார்த்தார். மூன்று. அதில் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதினது. சிரித்துக்கொண்டே அடித்தார். டீக்கடை முனிராஜ் என்னை மடக்கி, "என்னாய்யா மாது, இந்த வயசுல டியூசன் போறியாமே? பாஸாயிடுவியா?" என்றான். "நீ மொதல்ல டீயில தண்ணிய கொறடா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் ஆறு மணி ஆகிறதா என்று நானும் மணி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினெட்டாம் நாள் மூன்றாம் அட்டவணைக்கு வந்தோம். ஊர் ஊராகத் தண்ணீர்க் கணக்கு. புங்கமேட்டுக்கு மட்டும் பதினான்கு வரிகள். பதினான்கு தடவை யாரோ வந்து தண்ணீர் பிடித்துப் போயிருக்கிறார்கள். முதல் ஒன்பது வரியில் புளோரைடு எக்கச்சக்கம். கடைசி ஐந்தில் ஒன்றுக்கும் கீழே, குடிக்கலாம் என்கிற அளவு.

"இதான் என் பேப்பரோட உசிரு" என்றார் டீச்சர். "ஒகேனக்கல் தண்ணி வந்தப்புறம் ஒரு ஊரே சரியாயிடுச்சுன்னு வரிசையாத் தெரியுது பாருங்க. எங்க சாருக்கு இந்த எடம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு." சார் என்றது அவருக்குப் பழைய ஆசிரியரான பேராசிரியரை. கட்டுரையில் அவர் பெயரும் உண்டு.

"குறை சொன்னவங்க இதுல என்னா சொன்னாங்க?"

"முப்பத்தொண்ணாவது குறை. பதினாலு ஆய்வும் எந்தக் கிணத்துல, எந்தப் பம்புல எடுத்தது? ஆசிரியர் விளக்கணும். அவ்வளவுதான். மூலக் கட்டுரைல சொல்லலைன்னு ஒரு வரி எழுதிட்டாப் போச்சு."

வால்வு மூட வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். மூட வேண்டிய வால்வு எதுவும் இல்லை.

எந்தப் பம்பு என்று எனக்குத் தெரியும். பதினான்கும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்குப் பத்து இருபதுக்கு ஒரு பஸ் வரும். அதே பஸ் பதினொன்றுக்குத் திரும்பும். அதை விட்டால் சாயங்காலம்தான். பாட்டிலோடு வருகிறவர்கள் எல்லாரும் அந்த நாற்பது நிமிஷத்தில் வேலையை முடித்துக்கொண்டு போகிறவர்கள். பஸ் ஸ்டாப்பிலேயே ஒரு அடிபம்பு. அதில் நாலு அடி அடித்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். அட்டவணையின் முதல் ஒன்பது வரியும் அந்த ஒரே பம்பு.

பிறகு அது வற்றிப்போனது. அடித்தால் காற்றுதான் வரும். அப்போதும் பம்புத் தண்ணீர் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். "என்னாங்க, தண்ணி வரலையே, பஸ்ஸு போயிடுமே?" என்று என்னிடம் பாட்டிலை நீட்டினார்கள். நான் டேங்கின் பின்பக்கம் போய் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன். எதில் பிடித்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரே ஒரு பையன் கேட்டான். "இதுலதான், அடிச்சுக்கிட்டே இருந்தா வரும்" என்று வற்றின பம்பைக் காட்டினேன். என் பெயரைக் கேட்காதவர்களுக்கு நான் எதற்கு நிஜம் சொல்ல வேண்டும்? அப்படி ஐந்து தடவை. கடைசி ஐந்து வரியும் என் கைவேலை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊருக்கு மேலே மூன்று கிலோமீட்டரில் மேல்கொட்டாய் இருக்கிறது. அறுபது வீடு. கணக்கில் அதுவும் புங்கமேடுதான். ஆற்றுத் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறவில்லை. இன்னும் பழைய போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். குழாய் கேட்டு மனுக்கொடுக்கப் போன போதெல்லாம், "உங்க ஊரு தண்ணி நல்லாருக்குதுன்னு ரிப்போர்ட்டு இருக்குதே" என்று திருப்பி அனுப்பினார்கள். எந்த ரிப்போர்ட் என்று நானும் அவர்களோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன். முப்பத்தொன்றாவது குறையைக் கேட்ட அன்றைக்குத்தான் அந்த ரிப்போர்ட்டில் இருந்தது என் தண்ணீர் என்று உறைத்தது.

இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் பேனாவை மூடினார்.

"அஞ்சு பாட்டிலும் நீங்கதானா?"

"ஆமாங்க."

"ஏன் மாதண்ணா?"

கொடியில் கடைசியாகத் தொங்கின பக்கத்தைக் காட்டினேன். அதில் ஒரு படம். மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே. வேறு யாரோ எழுதினதிலிருந்து எடுத்துத் தன் கட்டுரைக்கு முதல் படமாக வைத்திருந்தார். நான் துண்டை எடுத்தேன். ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் முன்னால் எடுத்தது.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரக்கப்படுவார் என்று நினைத்தேன். இல்லை.

"உங்களுக்குக் கோபம்னா அவங்க மூஞ்சியில துப்பியிருக்கணும். தண்ணிய மாத்தறதா? எறங்கிப் போங்க."

இறங்கி வந்தேன். இரண்டு நாள் மாடியில் பேச்சுச் சத்தமே இல்லை. காகிதத்தோடுகூட அவர் பேசவில்லை. என் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை அவர் குடிவருவதற்கு முன்னால் நான் கவனித்ததே இல்லை. முப்பது நாளில் இன்னும் ஏழுதான் பாக்கி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் ரூமுக்கு வந்து நின்றார். "வண்டிய எடுங்க. மேல போகலாம்."

மொபெட்டில் மேல்கொட்டாய்க்குப் போனோம். போர் குழாயடியில் சாலம்மாள் குடம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு ஒன்றாகப் படித்தவள். முட்டி மடங்காமல் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அட, டேங்க் ஆபரேட்டருக்கு மேல ஏறக்கூட வழி தெரிஞ்சுபோச்சா?" என்றாள். "பஸ்ஸு வராத ஊருக்கு யாரக் கூட்டியாந்திருக்கற? எலெக்சனா?"

"டீச்சருங்க. தண்ணியப் பத்தி எழுதறாங்க."

"எழுதட்டும் எழுதட்டும். இந்தத் தண்ணியில மையக் கரைச்சா எழுத்துகூடக் காவியாத்தான் வரும்."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எல்லார் வாயிலும் என் பல். டீச்சர் போனை எடுத்தார். படம் எடுக்கப் போகிறார் என்று நினைத்து எனக்கு உடம்பு கூசியது. அவர் படம் எடுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கேட்டு அதில் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது, "இந்தத் தண்ணியச் சோதிச்சு எழுதிடுங்க டீச்சர்" என்றேன்.

"ரிவ்யூல என் சோதனைக்கு எடமில்லண்ணா. புதுசா ஒண்ணும் சேர்க்க முடியாது. தப்பா இருக்கறத எடுக்கத்தான் முடியும்."

"எடுத்தா?"

"உசிரு போயிடும்" என்றார்.

அன்று மத்தியானம் பேராசிரியரோடு போனில் பேசினார். இவர் பேசினது மட்டும் எனக்குக் கீழே கேட்டது. "இல்லைங்க சார். மொழிய மட்டும் சரிபண்ணி அனுப்பினா அது பொய்யிங்க சார்... தெரியும் சார், கடைசி வாய்ப்புதான்... தெரியாம இருந்தா வேற சார், இப்பத் தெரிஞ்சுபோச்சே..." அப்புறம், "சரிங்க சார். உங்க பேர எடுத்துடறேன்."

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். ஐந்து வரியை ஏன் எடுத்தேன் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டுமாம். அதற்குக் கட்டுரைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அச்சில் வராத விஷயத்தை யாராவது நேரில் சொன்னால், சொன்னவர் பெயரைப் போட்டு நேர்ப்பேச்சு என்று குறிப்பார்கள். சொன்னவர் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆகும்னா சொல்லுங்க. பேரில்லாம எழுத வேற வழி பாக்கறேன்."

"பேரப் போடுங்க" என்றேன்.

"இனிஷியல்?"

"ப. எங்கப்பன் பச்சியப்பன்."

ப. மாது, டேங்க் ஆபரேட்டர், புங்கமேடு என்று எழுதினார். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு புத்தகத்தில் என் வாய் ஏறினது எனக்குத் தெரியாமல். என் பெயர் ஏறினது, நான் செய்த திருட்டு வேலைக்கு. இருந்தாலும் பெயர்.

பிறகு நாலு நாள் டீச்சர் காலேஜுக்கு லீவு போட்டார். ஒன்பது வரியை ஒரே வரியாக்கினார். முடிவுரை முழுவதையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். முதல் படத்தை எடுத்தார். நாற்பத்தாறு குறைக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். என்னிடம் கடைசியாக ஒருமுறை முழுவதும் தமிழில் சொன்னார். ஓரிடத்திலும் என் முகம் சுளிக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் அனுப்பினார்.

அட்டவணையே மாறிவிட்டதால் பத்திரிகைக்காரர்கள் அந்த இரண்டு பேருக்கும் திரும்ப அனுப்பினார்கள். மாதம் போனது. விண்ணப்பக் கடைசி நாள் போனது. அன்றைக்கு டீச்சர் வழக்கம்போலக் காலேஜ் போய்விட்டு வந்து, கொடியில் துணி காயப்போட்டார். இரண்டு மாதம் தள்ளிப் பத்திரிகையிலிருந்து ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது. அந்த ஜூனில் காலேஜ் ஆர்டர் வரவில்லை.

ஒசூரில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்த்துக்கொடுத்தான் தம்பி. டெம்போவில் சாமான் ஏற்றினோம். முக்கால்வாசி காகிதம்தான். நாற்காலியில் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டார். "அங்க ரூம் சின்னது மாதண்ணா, ரெண்டுக்கு எடமில்ல" என்றார். மேல்கொட்டாயிலிருந்து சாலம்மாள் ஒரு பை ராகி கொடுத்தனுப்பியிருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.

அச்சான கட்டுரை தபாலில் வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்றாம் அட்டவணையைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஓரத்தில் டீச்சர் பென்சிலால் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். புங்கமேடு, பதினான்கு வரி இருந்த இடத்தில் இரண்டு வரி. "பஸ் நிறுத்த அடிபம்பு: மிக அதிகம், இப்போது வற்றிவிட்டது." அதன் கீழே, "மேல்கொட்டாய்: இதுவரை ஆய்வு இல்லை." எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. நாலு வருஷம் ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்து பேசினதில் எங்கள் ஊருக்கு மிஞ்சினது அந்தக் கோடுதான். அதற்கு முன்னால் அந்தக் கோடுகூட யாரும் போடவில்லை.

மாடி அறையை நான் யாருக்கும் விடவில்லை. ஆறு மணிக்கு மேலே போய் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு வருகிறேன். மழை வந்தால் உள்ளே எடுத்துப் போடுகிறேன்.

டீச்சர் கடைசியாகப் போன் செய்தது போன ஆடியில். குரல் கம்மியிருந்தது. சாப்பிட்டீர்களா என்றேன். ம் என்றார். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். கட்டுரையைப் படித்துவிட்டு யாரோ கேட்டு எழுதியிருக்கிறார்களாம். அந்தக் கோட்டு இடத்தை நிரப்ப ஆள் அனுப்பலாமா என்று. எப்போது வருவார்கள், வருவார்களா என்பதுகூடத் தெரியாது என்றார். என்னால் வர முடியாது மாதண்ணா, லீவு இல்லை என்றார்.

"நீங்க ஒண்ணு செய்யுங்க. பாட்டிலோட யார் வந்தாலும் மொதல்ல அவங்க பேரக் கேளுங்க. உங்க பேரச் சொல்லுங்க. பஸ்ஸு போயிடும், இங்கயே புடிச்சுக் குடுங்கன்னு கெஞ்சுவாங்க. போனாப் போவட்டும்னு வண்டியில ஏத்தி மேல்கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போங்க. போர் தண்ணிய பத்து நிமிசம் ஓட விட்டு, பாட்டில அதே தண்ணியில மூணு தரம் அலசி, அப்புறம் புடிக்கச் சொல்லுங்க. அவங்க புடிக்கறவரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."